கண்ணாடி கழுவிய கதை

சென்ற தை மாதத்தில் ராயபுரத்தில் நடந்த ஒரு கலியாணத்துக்கு நாம் மீன் வாடையுடன் போய்ச் சேர்ந்தோம். வாசலில் நின்றவர்கள் பன்னீர் தெளித்து வரவேற்றார்கள். எல்லோருக்கும் ஒரு தடவை தெளித்தவர்கள் நமக்கு மட்டும் மூன்று தடவை தெளித்தார்கள். அதற்குரிய காரணத்தைச் சபையில் எடுத்து விளக்க அன்று அவகாசம் கிடைக்கவில்லை. ஆகையால் இங்கே சொல்கிறோம்.

நாம் குடியிருப்பது திருவொற்றியூரில். 2021-ம் வருஷத்திலிருந்து விம்கோ நகர் வரையில் மெட்ரோ ரயில் ஓடுகிறதே, மோட்டார் எதற்கு என்று சில நண்பர்கள் கேட்பதுண்டு. நம் வீட்டு அம்மாளின் தாயாருக்கு முழங்கால் வலி. பட்டுப் புடவையும் தாம்பூலத் தட்டும் முழங்கால் வலியும் சேர்ந்து பிரயாணம் செய்யும்போது மோட்டார்தான் சௌகரியம் என்பது குடும்பத்தில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம்.

எண்ணூரிலிருந்து திருவொற்றியூர், காசிமேடு வழியாக ராயபுரம் வரும் கடற்கரைச் சாலையை நேயர்களில் பலர் அறிந்திருக்கலாம். ஒரு பக்கம் கருங்கற்களைக் கொட்டித் தடுத்து நிறுத்திய கடல். மறு பக்கம் வீடுகள், கோயில்கள், தொழிற்சாலைகள். நடுவில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் தேர் வடம் பிடித்தாற்போல் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். இந்தச் சாலையில் தூசிக்குப் பஞ்சம் என்பதே கிடையாது. அதுவும் ஒரு ஜாதித் தூசி அல்ல. லாரிச் சக்கரம் கிளப்பும் மண் ஒன்று. டீஸல் புகையின் கரி ஒன்று. அனல் மின் நிலையங்களின் சாம்பல் ஒன்று. நிலக்கரிப் பொடி ஒன்று. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் இறக்கி ஏற்றுவது உயர்நீதி மன்றத்தின் உத்தரவினால் 2011-ம் வருஷத்தில் நின்றது. ராயபுரத்துக்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள். நிலக்கரியோ வடக்கே எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. எண்ணூர்க்காரர்கள் பெருமூச்சு விட முடியவில்லை. இவ்வளவுக்கும் மேலே கடற்காற்று தன் பங்குக்கு உப்பைக் கொண்டுவந்து பூசுகிறது. இரவில் துடைத்து நிறுத்திய வண்டியின் கண்ணாடியில் காலையில் விரலால் கையெழுத்துப் போடலாம்.

அன்று காலை ஏழு மணி இருக்கும். தை மாதத்துப் பனி கண்ணாடியில் படிந்திருந்தது. முகூர்த்தத்துக்கு நாழியாகிவிட்ட அவசரத்தில் துணி எடுத்துத் துடைக்காமலே புறப்பட்டோம். வைப்பரை ஓட விட்டால் சரியாய்ப் போய்விடும் என்று எண்ணினோம். வைப்பர் ஓடிற்று. பனியும் தூசியும் உப்பும் கலந்து, சந்தனம் அரைத்தாற்போல் ஒரு குழம்பு உண்டாகி, கண்ணாடி முழுவதும் அரை வட்டமாகப் பரவிற்று. உடனே, ஜலம் பீச்சுவதற்கென்று ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் பிடியை இழுத்தோம். உள்ளே எங்கேயோ 'ஙொய்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஜலம் வரவில்லை. மறுபடியும் இழுத்தோம். மறுபடியும் சத்தந்தான்.

அந்தச் சமயத்தில் சாலை சற்றே வளைந்தது. இடது பக்கம் கடலுக்கு மேல் எழும்பியிருந்த சூரியனின் கிரணங்கள் சாய்வாகக் கண்ணாடியின்மேல் விழுந்தன. அழுக்கான கண்ணாடியில் சாய்ந்த வெயில் படும்போது என்ன நேரும் என்பதை அநுபவித்தவர்களே அறிவார்கள். ஒவ்வொரு தூசியும் ஒரு சிறு விளக்காகி விடுகிறது. கண்ணாடி முழுவதும் வெள்ளைத் திரை போட்டாற்போல் ஆகிவிடுகிறது. லாரி, சாலை, கடல் ஒன்றுமே நமக்குத் தெரியவில்லை. பிரேக்கை மிதித்தோம். வண்டி நின்றது. கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் பார்த்தபோதுதான், வண்டியின் மூக்குக்கு முன்னால் ஒரு முழ தூரத்தில் ஒரு மீன்பாடி வண்டி குறுக்கே நிற்பது தெரிந்தது. அதை மிதித்துக்கொண்டு வந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மீன் பெட்டிகளின்மேல் எட்டு வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூடத்துப் பை அவன் மடியில் இருந்தது.

நாம் வாயடைத்துப் போய் நின்றோம். அந்த மனிதர் வைதிருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் வையவில்லை. நம்மைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். "இன்னா சார், கண்ணாடியத் தொடைக்காம வண்டி எடுக்கறியே, புள்ள குந்திக்கினு கீறான் பாரு" என்றார். பிறகு, பெட்டியில் ஐஸ் கரைந்து நின்ற நீரை ஒரு மக்கில் மொண்டு நம் கண்ணாடியின் மேல் வீசினார். இரண்டாவது மக்கையும் வீசினார். தம் தோள் துண்டினால் ஒரு துடைப்புத் துடைத்தார். கண்ணாடி தெளிந்தது. "போ சார், பாத்துப் போ" என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார். நாம் வந்தனம் சொல்வதற்குள் சந்துக்குள் மறைந்துவிட்டார். இரண்டு மீன் செதில்கள் மட்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கலியாண வாசல் வரையில் நம்முடன் வந்தன.

மறு நாளே வண்டியை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த நிபுணர் பிடியை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். "ஸெட் முழுக்க மாத்தணும் சார், தொட்டி, மோட்டார், நாசில், எல்லாம்" என்று கையை விரித்தார். அவர் கேட்ட தொகையைக் கேட்டதும், மறுபடியும் ஒரு மீன்பாடி வண்டிக்காரரைக் கூடவே அமர்த்திக்கொள்வது மலிவாயிருக்குமே என்று தோன்றிற்று. வீடு திரும்பினோம்.

இங்கே ஒரு பழங்கதையை நினைவுகூர வேண்டியிருக்கிறது. வைப்பர் என்னும் கருவிக்கு 1903-ம் வருஷத்தில் அமெரிக்காவில் பேடண்டு பெற்றவர் ஒரு ஸ்திரீ. மேரி ஆண்டர்ஸன் என்று பெயர். அலபாமா ராஜ்யத்தைச் சேர்ந்தவர். நியூயார்க் நகரத்தில் பனி கொட்டும் நாளில் டிராம் வண்டியில் போகும்போது, வெளியே பார்ப்பதற்காக டிராம் ஓட்டுகிறவர் படும் அவஸ்தையை அவர் கவனித்தார். உள்ளே உட்கார்ந்தபடியே ஒரு பிடியை அசைத்தால் வெளியே ரப்பர்த் தகடு கண்ணாடியைத் துடைக்கும்படி ஒரு யந்திரம் கற்பனை செய்தார். ஆனால் அதை வாங்கி விற்க ஒரு கம்பெனியும் முன்வரவில்லை. அந்த அம்மாளுக்கு அதனால் காலணா லாபமும் கிடைக்கவில்லை. இப்போது வைப்பர் இல்லாத மோட்டாரை விற்க முடியாது. நம் தேசத்து 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளிலும் வைப்பருக்கென்றே ஒரு விதி இருக்கிறது. என்றாலும், வறண்ட தூசியின்மேல் ரப்பரை ஓட்டினால் அது துடைப்பதில்லை, தேய்க்கிறது. மணல் துகள் ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு கண்ணாடியைக் கீறுகிறது. ஒரு முறை கீறல் விழுந்தால் அதற்கு மருந்தில்லை. ஜலம் இருந்தால்தான் வைப்பர் வைப்பர்.

நிற்க. நம் வீட்டுக்கு எதிர் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். எண்ணூரில் ஒரு மோட்டார்த் தொழிற்சாலையில் முப்பது வருஷம் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்ணூருக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவு சுதந்திரத்துக்கு மறு வருஷமே தொடங்கியது. 1948-ம் வருஷத்தில் ரகுநந்தன் ஸரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியை ஆரம்பித்தார். எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி வெளியே அனுப்பினார்கள். 1955-ல் அது அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் பேர்போனதாயிற்று. ஆகவே நம் பேட்டையில் எந்தத் தெருவில் போய்க் கதவைத் தட்டினாலும் மோட்டார் சாஸ்திரம் தெரிந்த ஒருவர் கதவைத் திறப்பார். அப்படியிருக்க, எதிர் வீட்டை விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனது நம் புத்தியின் விசேஷம்.

பெரியவர் கேட்ட முதல் கேள்வி: "பிடியை இழுத்தா சத்தம் வருதா, வரலையா?"

"வருகிறது."

"அப்ப பாதி வைத்தியம் முடிஞ்சுது. சத்தம் வராட்டா கரண்டுக் கோளாறு. சத்தம் வந்தா தண்ணிக் கோளாறு. கரண்டுக் கோளாறுன்னா முதல்ல பியூஸைப் பாக்கணும். அப்புறம் மோட்டார்ல செருகற இடத்துல பச்சைக் களிம்பு பூத்திருக்கான்னு பாக்கணும். நம்ம உப்புக் காத்துக்கு அது பூக்காம இருந்தாத்தான் ஆச்சரியம்."

பியூஸைப் பற்றி அவர் ஓர் எச்சரிக்கையும் செய்தார். எத்தனை ஆம்பியர் பியூஸ் போயிற்றோ அத்தனை ஆம்பியர் பியூஸைத்தான் போட வேண்டும். வீட்டில் பியூஸ் போனால் கையில் அகப்பட்ட கம்பியை முறுக்கி வைத்து 'எரிகிறதே' என்று சந்தோஷப்படும் வழக்கம் நம் ஜனங்களிடம் இருக்கிறது. மோட்டாரில் அப்படிச் செய்தால் மெய்யாகவே எரிந்துவிடும்.

நம்முடையது தண்ணீர்க் கோளாறு. இந்த ஏற்பாடு முழுவதும் பார்ப்பதற்குப் பிரமாதமாக இருந்தாலும், உள்ளே இருப்பது மிகவும் சாதுவான சமாசாரம். முன்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதன் அடியில் ஒரு ரப்பர் வளையத்துக்குள் செருகிய, கட்டை விரலைவிடச் சற்றுப் பெரிய மோட்டார். தொட்டியிலிருந்து ஜலம் மோட்டாருக்குள் போகும் வாயில் ஒரு சல்லடை. மோட்டாரிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று பானெட்டின் அடியோடு ஓடி, இரண்டாகப் பிரிந்து, இரண்டு நாசில்களில் முடிகிறது. நடுவில் ஒரு சிறு வால்வு. ஜலம் திரும்பித் தொட்டிக்கு ஓடாமல் தடுப்பது அதன் வேலை. அது கெட்டால், பிடியை இழுத்து நெடு நேரம் கழித்துத்தான் ஜலம் வரும். அவ்வளவே. கிணறு, ராட்டினம், வாய்க்கால், மடை எல்லாம் ஒரு முழ நீளத்துக்குள் அடங்கியிருக்கின்றன.

வாய்க்காலில் தண்ணீர் வரவில்லையென்றால் கடைமடையிலிருந்து தேடிக்கொண்டு போக வேண்டும் என்றார் பெரியவர். பானெட்டைத் திறந்து, நாசிலின் அடியில் குழாயைப் பிடுங்கினோம். நம்மைப் பிடியை இழுக்கச் சொன்னார். குழாயிலிருந்து ஜலம் பீறிட்டு வந்தால் குற்றம் நாசிலில் மட்டும் இருக்கிறது. வராவிட்டால் மடைக்கு மேலே போகவேண்டும். நம் குழாயிலிருந்து, கோபித்துக்கொண்ட குழந்தையின் கண்ணீர்போல் இரண்டு சொட்டு வந்தது. ஆகவே குற்றம் இரண்டு இடத்திலும் இருக்கலாம் என்று தீர்மானமாயிற்று. நடுவில் குழாயை எலி கடித்திருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போனார். எலிக்கு இந்தக் குழாய்மீது இருக்கும் ஆசை அலாதியானதாம். நல்ல வேளையாக நம் வீட்டு எலிகளுக்கு வேறு ஆகாரம் இருந்திருக்கிறது.

நம் வண்டியில் தொட்டி கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. சில வண்டிகளில் முன் சக்கரத்தின் மேலுள்ள பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றினால்தான் எட்டும். அதற்காக ஜாக்கியில் தூக்கினால், கீழே ஸ்டாண்டு கொடுக்காமல் தலையையோ கையையோ உள்ளே நீட்டக்கூடாது என்று பெரியவர் இரண்டு தடவை சொன்னார். தொட்டிக்கு அடியில் பக்கெட்டை வைத்து, மோட்டாரை மெள்ள அசைத்து இழுத்தார். தொட்டியிலிருந்த ஜலம் பக்கெட்டில் விழுந்தது. அதைப் பார்த்து நம் வீட்டு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஜலமா அது! பாசி படர்ந்த குளத்தின் அடிமட்டம். சல்லடையில் பச்சை நிறக் கொழகொழப்பு அடைத்துக்கொண்டிருந்தது. அதன்மேல் வெள்ளைக் காறை.

"என்ன தண்ணி ஊத்தறீங்க?" என்றார் பெரியவர்.

கிணற்று மோட்டார்த் தண்ணீர்தான். வேறு என்ன? நம் பக்கத்து நிலத்தடி நீரின் யோக்கியதை தெரிந்ததே. நல்ல தண்ணீரைப் பல வருஷங்களாக வரம்பில்லாமல் இறைத்ததனால் மீஞ்சூர்ப் பக்கத்தில் கடல் நீர் நிலத்துக்கடியில் புகுந்துவிட்டது. அதே மீஞ்சூரில் 2010-ம் வருஷத்தில் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஏற்படுத்த வேண்டியதாயிற்று. இந்த நீரைச் சூடான என்ஜினுக்குப் பக்கத்தில் தொட்டியில் மாதக் கணக்கில் அடைத்து வைத்தால் பாசியும் காறையும் பிடிக்காமல் என்ன செய்யும்? பிரிட்டனில் 2010-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மருந்து கலக்காத வெறும் தண்ணீரை இந்தத் தொட்டியில் ஊற்றும் மோட்டார் ஓட்டிகளுக்கு 'லீஜனெல்லா' கிருமியால் உண்டாகும் நுரையீரல் ஜுரம் அதிகம் வரலாம் என்று சந்தேகப்பட்டிருக்கிறார்கள். தேங்கிய வெதுவெதுப்பான நீரில் அந்தக் கிருமி வாழும். பீச்சும்போது துளியோடு மூச்சில் கலக்கும்.

சல்லடையைப் பழைய பல் துலக்கும் பிரஷினால் தேய்த்ததும் சுத்தமாயிற்று. தொட்டியை நாலு தடவை அலசிக் கொட்டினோம். நாசில்தான் பிடிவாதம் செய்தது. நாம் ஒரு தையல் ஊசியை எடுத்துக் குத்தினோம். ஊசி முனை உள்ளேயே முறிந்திருக்கும். பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போது நம் வீட்டு அம்மாள், இதுவரையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவள், "இது ஸ்டவ் அடைப்பு மாதிரிதானே?" என்றாள்.

பெரியவரும் நாமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அம்மாள் உள்ளே போனாள். காறை பிடித்த நாசில்களை ஒரு கிண்ணத்தில் எலுமிச்சம்பழச் சாற்றில் போட்டு ஒரு மணி நேரம் மூடி வைத்தாள். வெந்நீர்ப் பாத்திரத்தில் பிடிக்கும் வெள்ளைக் காறையை அவள் வருஷக் கணக்காக அப்படித்தான் போக்குகிறாளாம்; நமக்கு அது தெரியாது. பிறகு பரண்மேல் இருந்த ஒரு தகர டப்பாவைத் தேடி எடுத்தாள். அதில் மண்ணெண்ணெய்ப் பம்ப் ஸ்டவ் காலத்து ஸ்டவ் பின் ஒன்று இருந்தது. தகரப் பிடியின் நுனியில் தலைமயிரைப்போல் ஒரு கம்பி. காஸ் அடுப்பு வந்த பிறகு பிறந்த பெண்கள் அதைக் கண்டிருக்கமாட்டார்கள். அந்தப் பின்னால் நாசிலின் கண்ணில் இரண்டு தடவை, குத்தாமல், மெதுவாக விட்டு எடுத்தாள். வாயால் ஊதினாள், நீர் வந்த திசையிலல்ல, எதிர்த் திசையில். சுண்ணாம்புப் பொடிபோல் ஏதோ பறந்தது.

"அம்மாவைத் தொழிற்சாலைக்கு அனுப்பியிருக்கணும்" என்றார் பெரியவர்.

ரப்பர் வளையத்தைச் சோப்பு நீரில் நனைத்து மோட்டாரை மறுபடியும் அழுத்தினோம். எண்ணெய் தடவினால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். குழாய்களைச் செருகினோம். தொட்டியில் ஜலம் ஊற்றிய பிறகே பிடியை இழுக்க வேண்டும். ஜலமில்லாமல் ஓட்டினால் அந்தச் சின்ன மோட்டார் சூடேறிக் கருகிவிடும். இத்தனை ஜாக்கிரதையும் செய்துவிட்டு ஒரு பிசகும் செய்தோம். நாசிலின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனிக்கவில்லை. பிடியை இழுத்ததும் ஜலம் கண்ணாடியைத் தொடாமல் கூரைக்கு மேலே வானவில்போல் வளைந்து போய், வாசலில் வெள்ளை வேஷ்டியுடன் போய்க்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதரின்மேல் விழுந்தது. அவர் மழையென்று நினைத்துக் குடையை விரித்தார். ஸ்டவ் பின்னாலேயே நாசிலின் உருண்டையைத் திருப்பி, கண்ணாடியின் நடுவுக்குச் சற்று மேலே ஜலம் விழும்படி செய்தோம். வண்டி வேகமாய்ப் போகும்போது காற்று அதைக் கீழே தள்ளும். ஆகையால் சற்று மேலேதான் குறி வைக்க வேண்டும்.

இப்பொழுது தொட்டியில் ஊற்றுவது எது என்ற கேள்வி பாக்கி. பாட்டரிக்கு ஊற்றும் வடித்த நீரோ, சுத்திகரித்த குடிநீரோ நல்லது. அதோடு கடையில் விற்கும் கண்ணாடி கழுவும் திரவத்தைச் சீசாவில் கண்ட அளவுப்படி கலக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கலக்குவது பலருடைய வழக்கம். அது நுரைத்து, காய்ந்ததும் படலமாகப் படிந்து, வெயிலில் மறுபடியும் வெள்ளைத் திரை போடும். மாதம் ஒரு தடவை தொட்டியைக் காலி செய்துவிட்டுப் புதிதாய் நிரப்புவதென்று வீட்டில் தீர்மானம். வைப்பரின் ரப்பரையும் மாற்றியாயிற்று. அதன் ஓரம் பல் தேய்ந்த சீப்புப்போல் இருந்தது. மொத்தச் செலவு, பட்டறைக்காரர் கேட்டதில் பத்தில் ஒரு பங்கு இராது. அதிலும் பெரும் பகுதி ரப்பருக்கே.

சென்ற வாரம் காலையில் அதே இடத்தில் மீன்பாடி வண்டிக்காரரைப் பார்த்தோம். வண்டியை ஓரமாக நிறுத்தி, பிடியை இழுத்து, ஜலம் பீச்சுவதைக் காட்டினோம். அவர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். பையன் பெட்டிமேல் இல்லை. பள்ளிக்கூடம் விடுமுறையா என்று கேட்டோம். "சைக்கிள் வாங்கிக் குடுத்துட்டேன் சார், தனியாப் போறான்" என்றார். இதே சாலையில்தான்.

ஸ்டவ் பின் இப்போது மோட்டாரின் டிராயரில் இருக்கிறது. அதை இரவல் கேட்டு எதிர் வீட்டுப் பெரியவர் இரண்டு தடவை வந்துபோனார். அம்மாள் கொடுக்கவில்லை.